அரண்மனை ஊரில் செல்வியைப் பார்த்தேன்

போன வாரம் தனம் நான்கு மாடி ஏறி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ரொம்ப நன்றிக்கா’ என்றாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். அவளோ முட்டிவலிக்காரி. அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குத் துளிக்கூட யோக்கியதை கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். தனத்திடம் யாரும் போய்ச் சொல்ல மாட்டீர்கள் என்கிற தைரியம்தான். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பர்மியப் பள்ளியில் படித்தவள். ரங்கூனில் எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். (யாங்கோன் என்று எழுத வேண்டுமாம். எனக்கு ரங்கூன்தான் வருகிறது.)

தனம் எங்கள் லான்மடாவ் தெருமுனையில் தோசைக் கடை வைத்திருக்கிறாள். ஒரே மகள் செல்வி. நான்கு வருடம் முன்பு ஜெர்மனிக்குப் போனவள், மலையடிவார ஊர் ஒன்றில், ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறாள். இங்கே வந்தால் பட்டாளத்து ஆட்சியில் மறுபடி வெளியே விடுவார்களா...? யாருக்குத் தெரியும்? அதனால் வருவதில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் முகத்தைப் போனில் பார்க்கிற ஊராகிவிட்டது இது.

நானும் அதில் ஒருத்திதான். என் மகன் மியூனிக்கில் இருக்கிறான். போன மாதம் டிக்கெட் அனுப்பி, மூன்று வாரம் இருந்துவிட்டுப் போ என்றான். செய்தி தெரிந்ததும் தனம் ஒரு பார்சலோடு வந்துவிட்டாள். ஊறவைத்த தேயிலை லப்பே ஒரு டப்பா, வறுத்த இறால் பொடி பலாச்சாங் ஒரு டப்பா.

“ஹோட்டல் பேரு எழுதியிருக்கேன். போன் நம்பர் தர மாட்டேன்க்கா.”

“ஏன்?”

“தந்தா முன்னாடியே பேசிருவீங்க. வீடியோவுல எந்நேரமும் சிரிச்ச மூஞ்சியத்தான் காட்டுது. சொல்லிட்டுப் போனா உங்களுக்கும் அதே மூஞ்சிதான். சொல்லாம போய் நில்லுங்க. இளைச்சிருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. அதை நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல.”

பெற்றவள் கேட்டது அவ்வளவுதான்.

மகன் என்னை ஒருநாள் செல்வி இருக்கும் ஊருக்கு டூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஊர் அழகு — சும்மா சொல்லக்கூடாது. மலைகளுக்கு நடுவே ஏரி, கொஞ்சம் தள்ளி இன்னொரு ஏரி. ரங்கூனில் எங்கள் இன்யா ஏரிக்கரையில் நாலு எட்டு நடந்தாலே வியர்த்துவிடும், இங்கே வியர்வை என்ற பேச்சே இல்லை. குன்றின் மேல் ஒரு மஞ்சள் அரண்மனை. அதைவிட உயரத்தில் வெள்ளை அரண்மனை. அதைக் கட்டிய ராஜா, கட்டி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாராம், கைடு சொன்னார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஹோட்டல் போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டல் கிடைத்தது. செல்வி கிடைக்கவில்லை.

ரிசப்ஷனில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். ‘அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை.’ என்னிடம் இருந்த போட்டோவைக் காட்டினேன். கோயில் திருவிழாவில் எடுத்தது, அப்போது பதினாலு வயது, கன்னம் இரண்டிலும் தனக்கா என்கிற பர்மியச் சந்தனப் பூச்சு. அம்மாள் பரிவாகத்தான் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கிவிட்டாள். ஹோட்டல் வைஃபையில் தனத்தைக் கூப்பிட்டேன். ரங்கூனில் கரண்ட் இல்லையோ, டவர் இல்லையோ... லைன் போகவே இல்லை. பக்கத்து ஹோட்டல்கள் இரண்டில் கேட்டேன். அங்கேயும் இல்லை. அரண்மனை டிக்கெட்டில் உள்ளே போகும் நேரம் அச்சடித்திருக்கும், தவறினால் தவறியதுதான். எனக்குத் தவறியது. நாலு மணிக்குப் பஸ் புறப்பட்டது. பார்சல் மடியிலேயே இருந்தது.

வேலையை விட்டுவிட்டாளா? துரத்திவிட்டார்களா? அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வேறெங்கோ கிடக்கிறாளா? மீதி நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனத்தை மறுபடி கூப்பிட்டுச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்த அன்று, டாக்ஸியிலிருந்து பெட்டியை இறக்கக்கூட விடவில்லை தனம்.

“பாத்தீங்களாக்கா?”

மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பாத்தேன்.”

“இளைச்சிருக்கா?”

“இல்ல தனம். கொஞ்சம் சதை போட்டிருக்கா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்று மகளோடு பேசுவாளே? நாலு நாள் கடைப்பக்கமே போகாமல் பின் சந்து வழியாகப் போய் வந்தேன். இந்த வயதில்!

ஐந்தாம் நாள்தான் அவள் மாடியேறி வந்து நன்றி சொன்னது.

“செல்வியும் சொல்லிச்சுக்கா. ஏரிக்கரையில உக்காந்து ரெண்டு பேரும் லப்பே தின்னீங்களாமே. நீங்க கட்டிப் புடிச்சு அழுதீங்களாமே. இப்பதான்க்கா நல்லா தூங்குறேன்.”

ஏரிக்கரையா? நான் எப்போது அழுதேன்? தலையை மட்டும் ஆட்டினேன். நம்பரைக் கேட்டேன். இந்த முறை தந்தாள்.

மறுநாள் மத்தியானம் செல்விக்கு லைன் கிடைத்தது. ஹோட்டலில் உன் பெயரே இல்லை என்றார்களே என்று கேட்டேன்.

“பெரியம்மா, இங்க எல்லாருக்கும் நான் கின் சண்டா. செல்வின்னா யாருக்குத் தெரியும்?”

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வீட்டில் தமிழ்ப் பெயர், பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பர்மியப் பெயர் — இங்கே பிறந்த எங்களில் பலருக்கும் இப்படித்தான். எனக்கே இரண்டு பெயர். ஏர்போர்ட்டில் அந்த இன்னொரு பெயரைச் சொல்லித்தான் வரிசையில் நின்றேன். தொட்டிலிலிருந்து பார்த்த பெண்ணுக்கும் இன்னொரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அன்னிக்கு ஹோட்டல்லதான் இருந்தியா?”

“இருந்தேன் பெரியம்மா. ரிசப்ஷனுக்குக் கீழ, துணி துவைக்கிற ரூம்ல.”

நான் நின்ற இடத்துக்கு நேர் கீழே.

“நான் வந்து பாத்ததா ஏன்டி சொன்னே?”

“அம்மா அவ்ளோ சந்தோஷமா கேட்டுச்சு. இல்லன்னு சொன்னா மறுபடி தூங்காது.”

“கட்டிப் புடிச்சு அழுதேன்னு...?”

“பாத்திருந்தா அழுதிருப்பீங்கல்ல பெரியம்மா?”

போனிலேயே அழுதேன். அவள் அழவில்லை. நான் ஓயும்வரை பொறுமையாக லைனில் இருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் அம்மாவுக்காக நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

“செல்வி, என்கிட்ட நிஜத்தைச் சொல்லு. நீ நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன் பெரியம்மா.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.