மணலைப் பெருக்கியவன்

இது நடந்தது. என் கண்ணெதிரே நடந்தது. கதை விடுகிறேன் என்று தோன்றினால் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை.

நான் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். ஆனால் பாலைவனப் பூங்கா என்றால் எனக்குப் பைத்தியம். அங்கே போகிறவர்களுக்கு நானே பாடம் எடுப்பேன். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதே, மணல் புகுந்தால் கேமராவுக்குச் சங்குதான். நிழல் நீளும்போது எடு. வந்த தடத்தைப் பார்த்தே திரும்பு. எல்லாம் சொல்வேன், ஒன்றைத் தவிர. என் பையில் ஒரு துடைப்பம் இருக்கும். மணல்மேட்டில் காலடித் தடம் கிடந்தால் படம் பாழ். போன வருடம் ஒரே ஓர் ஆளின் தடம் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. யாருடையது என்றுகூட யோசிக்கவில்லை. பெருக்கித் தள்ளிவிட்டுப் படம் எடுத்தேன். பரிசும் வாங்கினேன்.

இந்த வருடம் தங்கையின் கணவரும் கூட வந்தார். "பத்திரமா கூட்டிட்டு வாண்ணே" என்று தங்கை இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

அதே மேடு. மாலை 5.10. காற்று துளியும் இல்லை.

"மச்சான், ஸ்டாண்டை வண்டியிலயே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

"வந்த தடத்துலயே போங்க மாப்ளே. பத்து நிமிஷம்தான்."

5.22. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... பெருக்குகிற சத்தம். திரும்பினேன். யாரும் இல்லை. என் துடைப்பம் பைக்குள்தான் இருந்தது. மாப்பிள்ளை இறங்கிப் போன தடம் பாதியில் நின்றிருந்தது. அதற்குமேல் வெறும் மணல்.

5.31. போனில் சிக்னல் இல்லை. எங்கோ தூரத்தில் அவர் குரல்.

"மச்சான்... வழி தெரியல..."

ஓடினேன். குரல் வலப்பக்கம் கேட்டது. அப்புறம் இடப்பக்கம்.

சர்ர்... சர்ர்... இப்போது என் குதிகாலுக்குப் பின்னால்.

என் தடமும் இல்லை.

5.46. குரல் நின்றது.

எப்படி வண்டிக்கு வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள்தான் மாப்பிள்ளையின் உடல் கிடைத்தது, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில். என்னைத் தனியே கூப்பிட்டார் பூங்காவின் காவலர்.

"போன வருஷமும் இதே பள்ளம்தான் சார். கால் ஒடிஞ்சு கிடந்தாரு ஒருத்தர். தேடி வந்தவங்க மேடு வரைக்கும் வந்திருக்காங்க. அதுக்கு மேல தடமே இல்லைன்னு திரும்பிட்டாங்க. ரெண்டு நாள் உயிரோட இருந்திருக்காரு, பாவம்."

நான்தான் அவரைக் கொன்றேன்.

"போன வருஷம் செத்தாரே, அவரு கேமராவுல இருந்த கடைசிப் படம் இது. கத்திப் பாத்திருப்பாரு. கேக்கலைன்னதும் எடுத்திருக்காரு போல."

போனை நீட்டினார். மேட்டின் உச்சி. முகம் தெரியாமல் குனிந்து ஒருவன் மணலைப் பெருக்குகிறான். நான். பக்கத்தில் இன்னொருவர் நின்று நேராக லென்ஸையே பார்க்கிறார்.

"குனிஞ்சிருக்கறவன் யாருன்னு தெரியல. நிக்கறது உங்க மாப்பிள்ளைதானே சார்?"

அவரேதான்.

அன்று நான் தனியாகத்தான் போயிருந்தேன். என் தங்கைக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. அந்தப் படம் எடுத்த நாளில், மாப்பிள்ளை யாரென்றே எங்களுக்குத் தெரியாது.