கணவாயின் நெற்றி நீலம்

குளத்தூர்க் கடற்கரையில் கிளீட்டஸ் துடைக்காத பொருள் கடல் ஒன்றுதான். கோயிலில் உட்காருமுன் பெஞ்சைத் துடைப்பார். டீக்கடையில் கிளாசைத் துடைப்பார். வள்ளத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டு தானாக இறங்கிவிடும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கன்னத்து மச்சத்தைத் துடைக்கப் போனவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. பொய்யாக இருக்கலாம். அவர் மறுத்ததில்லை.

அவருடைய நாய்க்குக் கணவாய் என்று பெயர். கணவாய் மீனைப்போல வெள்ளையாக இருக்கும், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு காது கீறியிருக்கும். வள்ளத்தின் அடியில்தான் உறக்கம்.

அந்தக் கணவாய் பக்கத்து வீட்டு ஜெய்சனின் கணுக்காலைக் கடித்துவிட்டது. வாலை மிதித்தது ஜெய்சன்தான். அதைச் சொல்ல அது நேரமில்லை. காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் முதல் ஊசியும் போட்டுவிட்டு, ஜெய்சன் துடுப்போடு வந்து நின்றார்.

“எலே கிளீட்டசே, நான் சாவதுக்கு முன்னே ஒனக்க நாயி சாவணும்!”

“மக்கா, அதுக்கு வெறித் தீனம் ஒண்ணும் இல்ல.”

“பின்னே நெத்தியில நீலம் எங்க? போன மாசம் பஞ்சாயத்துப் பிள்ளையள் ஊசி போட்ட நாய்க்கெல்லாம் நீலப் பெயிண்டு அடிச்சிட்டாக்கும் போனது!”

கிளீட்டஸ் தோளில் கிடந்த துவர்த்தைப் பார்த்தார். போன மாதம் கடலிலிருந்து வந்தபோது கணவாயின் நெற்றியில் நீலம் இருந்தது. அந்த வாரம் வள்ளத்துக்கு அடித்ததும் நீலம். ஈரப் பெயிண்டில் போய் முட்டிவிட்டது என்று நினைத்து, என்ஜின் மண்ணெண்ணெயைத் தொட்டு, மேலே தேங்காயெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்தெடுத்திருந்தார்.

துடைத்தது ஊசி நீலமா, வள்ளத்து நீலமா?

“இந்தக் கைய முதல்ல கெட்டிப் போடணும்” என்றபடி அவர் பெண்டாட்டி மேரிக்குட்டி, அன்றைக்கு ஊசிக்காக நாய் பிடிக்க வந்த அபிலாஷின் நம்பரை வார்டு மெம்பரிடம் கேட்டு வாங்கிக் கூப்பிட்டாள்.

அவன் வரும்வரை கிளீட்டஸ் வள்ளத்தடியில் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்தார். ஜெய்சனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு பயம், ஜெய்சனின் துடுப்பு நாயின் மேல் விழுந்துவிடுமோ என்று இன்னொன்று. எது பெரிய பயம் என்று கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்.

பைக் வந்து நின்றது. அபிலாஷைக் கண்டதும் கணவாய் வழுக்கிக்கொண்டு வள்ளத்தின் மறுபக்கம் ஓடி உறுமியது.

“அட, கீறின காதுக்காரன்! இவன மறப்பனா?” அபிலாஷ் தன் சட்டையை இழுத்துக் காட்டினான். நெஞ்செல்லாம் நீலப் புள்ளி. “டாக்டர் ஊசி போட்டதும் நான் நெத்தியில அடிச்சேன். இவன் தலைய ஒரு சிலுப்பு சிலுப்பினான். எனக்க அம்மை இந்தச் சட்டைய அலக்கி அலக்கி மடுத்துப் போனா, கறை போவல்ல.”

“உள்ளதா?” ஜெய்சனின் துடுப்பு மணலில் சாய்ந்தது.

“உள்ளதாக்கும். ஆனா சேட்டா, மிச்ச ஊசிய விடப்படாது. நாய்க்குப் போட்டது நாய்க்கு, ஒங்களுக்குள்ளது ஒங்களுக்கு.”

கிளீட்டஸ் முகத்தைத் துவர்த்தால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார்.

அபிலாஷ் புதிதாக நீலம் அடிக்கப் பெயிண்டை எடுத்தான். “ஒரு ஆளு பிடிக்கணுமே.”

“நாய நான் பிடிச்சுக்கிடுதேன்” என்று ஜெய்சன் நொண்டிக்கொண்டு முன்னே வந்தார். “மேரிக்குட்டி, நீ கிளீட்டசுக்க கையப் பிடி.”