எதிர்மேட்டுப் பதில்

அன்று கடையில் மூன்று பேர் இருந்தோம்: நான், புளி விற்க வந்த அக்கா, இன்டர்நெட் கேபிள் சரிபார்க்க வந்தவர். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் கைரேகை வாங்கி வங்கிப் பணம் எடுத்துத் தருவது என் தொழில்.

அக்கா விரல் வைத்தார். ஆயிரம் ரூபாய் எடுக்கப்பட்டதாக அவர் போனுக்குச் செய்தி வந்தது. என் மெஷினிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பணம் எங்கே போனதென்று புரியவில்லை; திருடன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"இன்னொருவாட்டி விரல் வைக்கா" என்றேன்.

"இன்னொருவாட்டியா? வேணாங்க, இன்னொரு ஆயிரம் போய்டும்" என்றார் கேபிள்காரர். ஒல்லியானவர், நனைந்த சட்டை. யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லாமல் பேச மாட்டார். "நீங்க கேட்டது பேங்க்குக்குப் போய்ட்ச்சு. பேங்க் சொன்ன பதில்தான் வழியில நின்னுட்ச்சு."

"இன்னாப்பா, எதிர்மேட்டுக்குக் கூவுற மாதிரிதான?" என்றார் அக்கா. "அங்க இருக்கறவன் திருப்பிக் கூவுனாதான் கேட்டுச்சுன்னு தெரியும்."

"திருப்பிக் கூவுனாதான்" என்று சிரித்தார் அவர்.

ஒயரின் முனையை மாற்றிக் கொடுத்தார். முன்பு கேட்டது என்ன ஆனது என்று மெஷினில் பார்த்தேன். 'முடிந்தது' என்று வந்தது. அக்காவிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

கேபிள்காரர் மழையிலேயே பைக்கை எடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து, என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "கீழ போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்கண்ணா."

"போய்ச் சேர்ந்ததும் ஒரு போன்" என்றார்.

அவர் நம்பரை வாங்க மறந்துவிட்டேன். போன் வரவேயில்லை. அவர் போட்டிருப்பார், வழியில்தான் எங்கோ நின்றுவிட்டது என்றே இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.