என் மனைவியின் இரண்டு முன்பற்கள்

பணத்தால் சந்தோஷத்தை வாங்க முடியாது என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், எங்கள் பல் டாக்டரின் விலாசத்தைக் கொடுத்துவிடுவேன்.

என் மனைவி துணி திருத்திக் கொடுக்கும் தையல்காரி. தொளதொள சட்டையைப் பிடித்துத் தைப்பாள், பேண்டின் நீளத்தைக் குறைப்பாள். நான் முதலாளியின் சரக்கு வண்டியை ஓட்டுகிறவன். சாயங்காலம் அவள் கடையில் போய் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். எங்கள் வீட்டின் பெரிய சொத்து அதுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடைப்படியில் விழுந்து இரண்டு முன்பற்கள் போயின. "மெல்றதுக்குக் கடவாப்பல் இருக்கே, போதும்" என்றாள். நானும் மண்டையை ஆட்டினேன். அதன்பிறகு எப்போது பார்த்தாலும் அவள் உதட்டில் நாலைந்து குண்டூசி. துணி பிடிக்கும்போது தையல்காரர்கள் அப்படி வைத்துக்கொள்வதுதான். இவளோ கையில் துணி இல்லாதபோதும் கவ்விக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாலும் "ம்". என்மேல் ஏதோ கோபம் என்று முடிவுகட்டி, காரணம் தெரியாமலே மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் "ம்".

கொழுந்தியாள்தான் என் மரமண்டையில் ஏற்றினாள். "கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. சிரிச்சா ஓட்டை தெரியுமாம். ஊசி இருந்தா யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்களாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பல் கட்ட என்ன ஆகும் என்று விசாரித்தேன். சொந்த வண்டி வாங்க இருவரும் சேர்த்ததில் முக்கால்வாசி போய்விடும். அவள் ஒப்பவில்லை.

"வண்டி வாங்கினா சோறு போடும். பல்லு என்ன போடும்?"

"அடுத்தவன் வண்டியே நமக்குச் சோறு போடுது. கெளம்பு."

முறைத்துக்கொண்டே வந்தாள். மூன்று வாரம் அலைந்தோம். கடைசி நாள் டாக்டர் ஒரு கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். உதட்டை விலக்கிப் பார்த்தாள், மூடினாள், மறுபடி பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். சொந்த வண்டி இன்னும் சில வருஷம் தள்ளிப்போகும், போகட்டும். தேவைப்பட்ட நேரத்தில் கையில் காசு இருந்ததே, அதற்கு மனசார நன்றி சொன்னேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "வலிக்குதா?"

"இல்ல." வாயை மூடிக்கொள்ளாமல் என்னைப் பார்த்தாள். "நாலு வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் சிரிப்ப அடக்கி வெச்சிருக்கேன். ஒண்ணு விடாம திரும்பச் சொல்லுங்க."