ஒரு சோடாவுக்கு எத்தனை பேர் வரி கட்டுவது?

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தே முக்கால். கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தின் மூன்றாம் மாடியில், ஒரு பெண் அதிகாரி என் அப்பாவிடம் மிகப் பண்பாக இரண்டு வசனங்கள் சொன்னார்.

முதலாவது: "உங்களிடம் அறவிட்ட உற்பத்தி வரி பிழையானது என்று ஏற்றுக்கொள்கிறோம்."

இரண்டாவது: "ஆனால் அதை உங்களுக்குத் திருப்பித் தர முடியாது."

இரண்டையும் சிங்களத்தில் சொன்னார். அப்பாவுடையது புறக்கோட்டைச் சந்தையில் பழகிய சிங்களம். விலை பேசும், லொறியை ஒதுக்கச் சொல்லும், பகிடி விடும். அலுவலகச் சிங்களம் என்றால் பாதி வழியில் நின்றுவிடும். முதல் வசனம் விளங்கியதும் அவர் சிரித்துவிட்டார். இரண்டாவதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. என் வாயால்.

இந்தப் பத்தியை வாரந்தோறும் வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் உரத்துப் பேசுகிறவள் அல்ல. வாசித்த ஒரு கவிதை, பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு சொல்... அதோடு என் எல்லை முடிந்துவிடும். இந்த வாரம் மன்னியுங்கள். எனக்குக் கோபம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அப்பாவின் சோடாக் கம்பனி. ஆரஞ்சுப் பானம் கொஞ்சம். வெறும் சோடாதான் அதிகம். சீனி சேர்த்த பானங்களுக்கு உற்பத்தி வரி உண்டு. வெறும் சோடாவில் சீனி ஏது? ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் சோதனைக்கு வந்தவர்கள், ஆரஞ்சுக்காக வைத்திருந்த சீனி மூட்டைகளைக் கண்டார்கள். அன்றிலிருந்து கொட்டகையை விட்டு வெளியேறும் அத்தனை போத்தலுக்கும் வரி போட்டார்கள். கட்டாவிட்டால் சீல். அப்பா கட்டினார். கட்டிக்கொண்டே முறையிட்டார். கடைசியில் வென்றும்விட்டார் — அந்த முதல் வசனம் வரைக்கும்.

காசு திரும்பினால், ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் காற்றடைக்கிற மெஷினை மாற்றுவது. திரும்பாவிட்டால், போத்தல்களையும் அவற்றை அடுக்கும் கேஸ்களையும் விலைக்குக் கேட்டு நிற்கிற வியாபாரியிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டுவது. அப்பாவின் முடிவு அதுதான்.

இரண்டாம் வசனத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது: நியாயமற்ற செல்வச் சேர்ப்பு. அப்பாவின் செருப்பில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தபடி அந்தச் சொற்களை மொழிபெயர்த்தேன். கட்டிய வரியை விலையோடு சேர்த்து வாங்கியவரிடம் அறவிட்டிருந்தால், மீளளிப்பு கிடையாது. கொடுத்தால் ஒரே காசை இரண்டு தரம் பெற்றதாகிவிடும்.

விதியில் பிழையில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு முதலாளியின் கதையாக இருந்திருந்தால், நானே கைதட்டியிருப்பேன்.

அதிகாரி எங்கள் பில் ஒன்றை எடுத்துக் காட்டினார். சோடாவின் விலை ஓரிடத்தில். அதற்குக் கீழே உற்பத்தி வரி தனியாக. "கடைக்காரரிடம் வாங்கியிருக்கிறீர்களே, அங்கிள்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அப்பிடி அடிக்கச் சொன்னதே இவையள்தான் எண்டு சொல்லு."

சொன்னேன். அதிகாரி மறுக்கவில்லை.

"ஃப்ரீ இஷ்யூவையும் சொல்லு."

அதையும் சொன்னேன். பில்லில் வரி ஏறியதும் கடைகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின: "இந்த விலைக்கு எண்டால் பெரிய கம்பனிச் சோடாவையே போடலாமே!" பில்லை மாற்ற முடியாது. ஆகவே, ஏறிய விலைக்கு ஈடாக, அப்பா கேஸுக்கு மேலே சும்மா போத்தல் வைத்துக் கொடுத்தார். வியாபாரத்தில் அதற்குப் பெயர்தான் ஃப்ரீ இஷ்யூ. பெரிய கம்பனிகள் அதைப் பில்லில் எழுதும். எங்கள் லொறியில் எழுதுகிற வழக்கமில்லை. இறக்குகிறவர் போத்தலைத் தட்டிக் காட்டுவார், கடைக்காரர் தலையாட்டுவார். அவ்வளவுதான். வரியின் பாரம் முழுவதும் அந்தத் தட்டலோடு அப்பாவின் தலைக்கு வந்துவிட்டது. காகிதத்தில் அதன் சுவடே இல்லை.

"கடைக்காரர்களிடம் எழுதி வாங்கி வாருங்கள். மேன்முறையீடு செய்யலாம்" என்றார் அதிகாரி. உண்மையாகவே உதவ நினைத்துத்தான் சொன்னார். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

"மேடம், அப்பாவுக்குத் தர முடியாதென்றால், அந்தக் காசு சோடா குடித்தவர்களுக்குப் போகுமா?"

"அதற்கு முறை இல்லை, நங்கி." நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"அப்படியானால் யாரிடம் இருக்கும்?"

மேசையில் நேராக இருந்த பேனாவை மறுபடியும் நேராக வைத்தார். "அரசாங்கத்திடம்தான்."

அங்கிருந்து நேரே வெள்ளவத்தைக்குப் போனோம். காலி வீதியில் எங்கள் சோடாவை அதிகம் எடுத்த கடை. முதலாளி யாழ்ப்பாணத்தவர், அப்பாவை 'அண்ணை' என்பார். பிளேன்ரீ வந்தது. வடை வந்தது. விஷயத்தைச் சொன்னதும் முதலாளியின் பேச்சு மெல்லக் குறைந்தது.

"அண்ணை, நீங்கள் போத்தல் வைச்சது கடவுளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா எழுத்தில எல்லோ கேக்கிறியள்."

"ரெண்டே ரெண்டு வசனம்தான், தம்பி."

"என்னைப் பிடிக்க ரெண்டு வசனம் காணுமே! சும்மா வந்த போத்தலை வித்த காசு எங்கையெண்டு நாளைக்கே என்ர கடையில வந்து குந்தியிருப்பாங்கள். உங்களைத் தூக்கப்போய் நான் விழுறதோ?"

"நீர் விழவேண்டாம்," என்றார் அப்பா. "ரெண்டு பேரும் கீழ கிடந்தால் ஆர் எங்களைத் தூக்கிறது?"

முதலாளி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் குளிர்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரி இருந்த மாதங்களில் ஒரு மத்தியானம், கம்பஸ் தோழிகளோடு இதே கடைக்கு வந்தேன். எங்கள் சோடாதான் வாங்கினோம். யாருடைய மகள் என்று சொல்லக் கூச்சம், சொல்லவில்லை. விலை கூடியிருந்தது. ஏனென்று கேட்டதற்கு இதே முதலாளி சொன்னார்: "வரி கூட்டிப்போட்டாங்கள் பிள்ளை, நாங்கள் என்ன செய்யிறது?" இன்று அவருக்கு என் முகம் நினைவில்லை.

"அங்கிள், அப்ப நீங்கள் விலையும் கூட்டித்தானே வித்தனீங்கள்?"

முதலாளி வடைத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாக் கடையும் கூட்டினதுதானே, பிள்ளை..." என்றார்.

அப்பா எழுந்தார். "வா, போவம்." வடைக்கும் சேர்த்துக் காசு வைத்தார். முதலாளி தடுத்தார், அப்பா கேட்கவில்லை.

இப்போது நீங்களே பாருங்கள். அப்பா வரியையும் கட்டினார், அதற்கு ஈடாகப் போத்தலையும் கொடுத்தார். கடைக்காரர் போத்தலையும் வாங்கினார், அதே வரியைச் சொல்லி விலையையும் கூட்டினார். நான் காசு கொடுத்துக் குடித்தேன். அரசாங்கம் எடுத்தது, பிழை என்று ஒப்புக்கொண்டது, வைத்துக்கொண்டது. இத்தனை பேரிலும், நியாயமில்லாமல் செல்வம் சேர்க்கப் பார்த்தவர் என்று எழுத்தில் இருப்பவர் யார்? ஊக்குக் குத்திய செருப்போடு நிற்கிற மனிதர்!

ஒரே காசை ஒருவர் இரண்டு தரம் பெறக்கூடாது — சரி. எடுக்க உரிமையே இல்லாதவர் அதை ஒரு தரமாவது வைத்திருக்கலாமா? அந்தக் கேள்வியை விதி கேட்பதில்லை. நிரூபிக்க வேண்டியவர் எப்போதும் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்தான். அந்தப் பக்கம் இருப்பவரிடம் யார் பில் கேட்பது?

எங்கள் தொழிலில், வெறும் போத்தலைக் கொண்டுவந்தால் அதற்கு வைத்த காசு திரும்பக் கிடைக்கும். யார் வாங்கியது, யார் குடித்தது என்று அப்பா ஒருநாளும் விசாரித்ததில்லை. போத்தல் எங்களுடையது, காசு எங்களுடையதல்ல. ஒரு தகரக் கொட்டகைக்கு விளங்கிய இது, மூன்று மாடி ஏறியும் விளங்கவில்லையே!

மாலையில் அப்பா அந்த வியாபாரிக்கு ஃபோன் எடுத்தார். "ஓம்... எல்லாத்தையும் எடுங்கோ. லொறியை விடியவே விடலாம்."

"மேன்முறையீடு?" என்றேன்.

"எழுதித்தர ஒருத்தரும் இல்லாமல் எதைப் பிள்ளை போடுறது?" என்றவர், மெஷினைத் துடைக்கப் போனார். விற்கப்போகிற மெஷினை.

மறுநாள் காலை லொறி வந்தது. கேஸ்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒன்றிலிருந்து ஒரு போத்தலை எடுத்து என் புத்தகப் பைக்குள் வைத்தேன். எண்ணி ஏற்றியவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஐயா, இதில ஒண்டு குறையுதே?"

அப்பா என் பையைப் பார்த்தார். "அது ஃப்ரீ இஷ்யூ, தம்பி. பில் இல்லை."

விரிவுரைக்குப் போகவில்லை. மூன்றாம் மாடிக்குப் போனேன். அதே மேசையில் போத்தலை வைத்தேன். பக்கத்தில் ஒரு மீளளிப்பு விண்ணப்பத்தையும் வைத்தேன் — ஒரேயொரு சோடாவின் வரிக்கு. "நங்கி, இது..." என்று தொடங்கிய அதிகாரி, விண்ணப்பதாரர் யார் என்ற இடத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

என் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தேன்: வெள்ளவத்தையில் சோடா வாங்கிக் குடித்தவள்.