உங்கள் அம்மாவின் தலைக்கு மேல் இரண்டு விரல்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சண்டை போடாமல் இதைப் படியுங்கள். நம் சின்னக் காரில் அம்மா பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு சீட்டு. அதற்குத் தினமும் இரண்டு பேர் போட்டி. இப்போது போட்டியோடு ஒரு புகாரும் சேர்ந்துகொண்டது. “முன்னெல்லாம் ரோடு தெரியும், இப்ப வானம்தான் தெரியுது” என்கிறீர்கள். அது ஏன் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் பட்டறைப் பக்கம் நழுவிவிடுகிறேன். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் திருச்சியில் ஒரு டாக்டருடையது. இரண்டே சீட்டு, மேலே மடக்குகிற துணிக் கூரை. வெளிநாடு போகும்போது அவரால் அதை விற்க முடியவில்லை. நம் பக்கத்தில் கார் என்றால் ஏழு பேர் ஏற வேண்டும், மூட்டை ஏற வேண்டும். இரண்டு பேர் போகிற காரை யார் வாங்குவார்கள்? உங்கள் அம்மா வாங்கினாள். அரியலூரில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததில் அவள் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் அப்பா வயலில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள். வண்டி அவளுக்குப் புதிது இல்லை. வேகம்தான் புதிது.

சென்னைப் பக்கத்தில் பந்தயம் ஓட்டுகிற ஒரு டிராக் இருக்கிறது. சில நாட்களில் நம் சொந்தக் காரைக் கொண்டுபோய் அதில் ஓட்டலாம். உங்கள் அம்மா பெயர் கொடுத்தாள். உங்களை அம்மாயி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் விடியற்காலையில் கிளம்பிப் போனோம். அங்கே வண்டிகளைச் சோதிக்கிறவர் நம் காரைச் சுற்றி வந்தார். பின்னால் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“மேடம், இது தொறந்த வண்டி. கவுந்தா உங்க தலைதான் முட்டுக்கொடுக்கணும். ரோல் பார் போட்டுட்டு வாங்க.”

ரோல் பார் என்றால் சீட்டுக்குப் பின்னால் நிற்கிற வளைந்த இரும்புக் குழாய். வண்டி தலைகீழாகப் போனால் எடையை அது வாங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்ததும், அந்தக் குழாயின் உச்சியிலிருந்து முன் கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஒரு கழியை நீட்டிப் பார்ப்பார்கள். ஹெல்மெட் கழிக்கு அடியில் இரண்டு விரல் இறங்கி இருக்க வேண்டும். இடித்தால் வீட்டுக்குப் போகலாம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தியபோது கேட்டாள்.

“ஏங்க, உங்களுக்கு வெல்டிங் தெரியும்ல?”

டிராக்டர் டிரெய்லர் கட்டிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கவிழ்ந்த டிராக்டர்களை நம் பட்டறைக்குத்தான் இழுத்து வருவார்கள். இரும்பு எப்படி மடங்கும் என்று எனக்குத் தெரியும். நடுவில் ஒரு தலை இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்காது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். வெறும் ரோல் பார் போதாது, முழுக் கூண்டே போட்டுவிடுவது. முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால், கதவுக்குக் குறுக்கே ஒன்று, தலைக்கு மேலே இரண்டு. கோயில் தேர் மாதிரி நிற்க வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரம். முதலில் மாதிரி பார்ப்போம் என்று ஒயரிங் பைப்பைச் சூடு காட்டி வளைத்து, காருக்குள் கூண்டு கட்டினேன். சிமெண்ட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிற உங்கள் மாமா, லீவு போட்டுவிட்டு உதவிக்கு வந்திருந்தார். அதாவது, கட்டிலில் சாய்ந்து கரும்பு தின்றுகொண்டே யோசனை சொன்னார்.

“மச்சான், எங்க அக்காவை உள்ள வச்சுப் பூட்டணும்னு நாங்க பல வருஷமா நெனச்சதுதான். நீங்க செஞ்சு முடிச்சிட்டீங்க.”

“நீ வாய மூடிக்கிட்டு அந்தக் கயித்தப் புடிடா” என்றாள் உங்கள் அம்மா.

கூண்டுக்குள் ஏறுவது சர்க்கஸ். கதவுக் குழாயைத் தாண்டிக் காலைத் தூக்கினாள், இடுப்பு மாட்டியது. இடுப்பை எடுத்தாள், துப்பட்டா மாட்டியது. நீங்கள் இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தீர்கள். ஒரு வழியாக உட்கார்ந்தாள். தம்பி, உன்னையும் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். ஏறிய வேகத்தில் நீ திரும்பினாய். மேல் குழாயில் ‘டொக்’ என்று நெற்றி இடித்தது. வெறும் பிளாஸ்டிக்தான். நீ அழக்கூட இல்லை. உங்கள் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“இதுவே இரும்பா இருந்தா?”

“அதுக்குத்தான் ஸ்பாஞ்சு சுத்தப்போறேன்.”

“டிராக்ல ஹெல்மெட் போட்டிருப்பேன், பெல்ட்டுல இறுக்கிக் கட்டிருப்பேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பால் வாங்கப் போறப்ப ஹெல்மெட் போட்டுக்கிட்டா போவேன்? ஒரு சடன் பிரேக்கு அடிச்சா, நீங்க போட்ட கூண்டே புள்ள மண்டைய ஒடைக்கும்ங்க.”

நான் நெற்றியைப் பார்த்தேன். ஒரு சிவப்புக் கோடு. முழுக் கூண்டு டிராக்கிலேயே ஓடுகிற காருக்கு நல்லது. நம் கார் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும், கல்லங்குறிச்சிக் கோயிலுக்கும் போக வேண்டும். ஒரு இடத்தில் காப்பாற்றுகிற இரும்பு இன்னொரு இடத்தில் அடிக்கிற இரும்பு. இதை எனக்குப் புரியவைத்தது தம்பியின் நெற்றிதான். கூண்டை அன்றைக்கே பிரித்தேன். பின்னால் நிற்கிற பார் மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

முடிந்ததா என்றால் இல்லை. பாரின் வளைவை ஒயரிங் பைப்பில் செய்து, துணிக் கூரை மூடுகிற உயரத்துக்கு நிறுத்தினேன். உங்கள் அம்மா ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தாள். நீட்டிப் பார்க்கக் கழி வேண்டும். கையில் கிடைத்தது ஒரு முழுக் கரும்பு. பாரிலிருந்து கண்ணாடிக்கு அதை வைத்தேன். கரும்பு அவள் ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்து ஆடியது. இரண்டு விரல் இறங்க வேண்டிய இடத்தில் நான்கு விரல் ஏறி நின்றாள்.

“கரும்பு கோணலா இருக்கு மச்சான்” என்றார் மாமா.

திருப்பிப் பிடித்தேன். அப்போதும் அதே கதை. பார் உயரத்தைக் குறித்துக்கொண்டு வர உள்ளே போய்த் திரும்பினால், கரும்பு பாதிதான் இருந்தது. மீதியை நீங்கள் இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தீர்கள். அளவுகோலைத் தின்ற பிள்ளைகள் உலகத்தில் நீங்கள்தான். பிறகு மூங்கில் கழிக்கு மாறினேன்.

“பாரை ஒசத்திடுங்க” என்றார் மாமா.

“ஒசத்துனா கூரை மூடாதுடா. மழை பேஞ்சா?”

“பெரம்பலூர்ல மழையா? அக்கா, அதுக்கு மொதல்ல மேகம் வரணும்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த டிராக் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினால் இனிமேல் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கேட்காமலே இருந்துவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்காது.

கோயம்புத்தூரில் ரோல் பார் செய்கிற ஒருவருடைய நம்பர் மாமாவிடம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். நானே செய்கிறேன், போர்வெல்லுக்குப் போடுகிற கேசிங் பைப் கனமாக இருக்கும், அதைப் போடலாமா என்று கேட்டேன்.

“ஏனுங்க, அதைப் போட்டா வண்டி பின்னாடி குத்தவச்சுக்குமுங்க. தண்ணி வேணா வரும். இதுக்குன்னு வெல்டு தையல் இல்லாத கொழாய் இருக்குதுங்க. அளவு குடுங்க, செஞ்சு அனுப்பிடறேன்.”

கூரை மூடுகிற உயரத்தை அளவாகக் கொடுத்து, ஹெல்மெட் நான்கு விரல் மேலே நிற்பதையும் சொன்னேன். அவர் அளவைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“மேடம் ரொம்ப ஒசரமுங்களா?”

“சராசரிதாங்க.”

“இந்த வண்டிக்கு அந்த ஒசரப் பாரு எல்லாருக்கும் சரியா வருமுங்களே. சீட்டு கம்பெனி சீட்டுதானுங்களா? அடியில எதாச்சும் வச்சிருக்கீங்களா?”

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மாமா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

கார் வந்த முதல் நாளே அவள் சொன்ன குறை ஒன்று உண்டு. “என்னங்க இது, தரையில உக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கு. ரோடே தெரியல.” டிராக்டர் மேல் உட்கார்ந்து பழகியவள். நானும் அப்படித்தான். நம் ஊரில் வண்டி ஓட்டுகிறவன் மேலேயிருந்து பார்க்க வேண்டும். உடனே சீட்டுக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்கிவிட்டேன். ஒரு சீட்டு உயரம், ஒரு சீட்டு பள்ளம் என்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று இரண்டையுமே தூக்கினேன். பிறகு மறந்தே போனோம். தாழ்வாக உட்காரவே செய்த காரில் டிராக்டர் சீட்டை உண்டாக்கி வைத்துவிட்டு, வாரம் முழுக்க இரும்பை உயர்த்தப் பார்த்திருக்கிறோம்.

“இவங்கதான் தூக்குனாங்க” என்றாள் அவள் போனில்.

“நீ சொல்லித்தானே தூக்குனேன்!”

“சொன்னதெல்லாம் செய்யிற ஆளாக்கும். வெங்காயம் வாங்கிட்டு வாங்கன்னு காலையில சொன்னேனே?”

கோயம்புத்தூர்க்காரர் சிரிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கரகரத்தது. மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது.

அவள் சீட்டின் கட்டையை அப்போதே எடுத்தேன். உங்களுக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதால் இடது பக்கத்துக் கட்டை மட்டும் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். கழுத்து வரைக்கும் காணோம்.

“கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குங்க.”

மறுநாள் காலையில் அரியலூர் ரோட்டில் அப்படியே ஓட்டிப் பழகினாள். சிமெண்ட் லாரிகளின் சக்கரம்தான் தெரிந்ததாம். ஒரு வெள்ளாடு காருக்குள் எட்டிப் பார்த்ததாம். “அது என்னைக் குனிஞ்சு பாத்துச்சுங்க!” என்று வந்து சொன்னாள். ஆனால் வளைவில் இப்போது வண்டி தன் இடுப்போடு சேர்ந்து திரும்புகிறது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டும்.

பார் வந்தது. காரின் தரைக்கு மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்து, நடுவே போல்ட் விட்டு நானே முடுக்கினேன். மாமா முடுக்கியதையும் கழற்றி நானே மறுபடி முடுக்கினேன். மூங்கில் கழியை வைத்துப் பார்த்தோம். இரண்டு விரல் இறங்கியது, தாராளமாக. சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்துக் கல்லங்குறிச்சிக்குப் போனோம். அங்கே பெருமாள் கம்பமாகத்தானே நிற்கிறார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவள், “கம்பத்துக்குக் கம்பம் தெரியும். இனிமே அவரு பாத்துப்பாரு, நீங்க சும்மா இருங்க” என்றாள்.

டிராக்கில் அதே சோதிக்கிறவர். கழியை நீட்டினார், விரலை விட்டுப் பார்த்தார், “சூப்பர் மேடம், போங்க” என்றார். அவள் போனாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் கார் அப்படிச் சத்தம் போடும் என்றே எனக்குத் தெரியாது. ஒரு வளைவில் பின்பக்கம் சறுக்கி, வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. புழுதி. நான் வேலிக் கம்பியில் ஏறி எட்டிப் பார்த்தேன். புழுதி அடங்கியதும் உள்ளேயிருந்து ஒரு கை மேலே வந்து ஆடியது. சறுக்குமரத்தில் இறங்கிய பிள்ளை ஆட்டுவது போல. மறுபடி கிளம்பிப் போய்விட்டாள். அப்புறம் நான் என்னை அறியாமல் கத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர், “உங்க பொண்ணா சார்?” என்று கேட்டார். “எங்க வூட்டுக்காரி சார்!” என்றேன். அந்த ஒரு பதிலுக்காக இன்னும் பத்து தடவை போகலாம்.

முகமெல்லாம் வேர்த்து, முடி ஒட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பாரை ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஏங்க, பக்கத்துல ஒருத்தர ஏத்திக்கலாமாம். அடுத்த தடவ நீங்க வாங்க.”

“நானா? நான் வேலி ஓரத்துலயே நின்னுக்குறேன்.”

“பயமா?”

“தலை இடிக்கும்ல” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் உள்ளே டிராக் வீடியோவைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பட்டறைக் கொட்டகைக்குப் போனேன். அவள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் திணித்துக்கொண்டேன். காது மடங்கி எரிந்தது. இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூங்கில் கழியை எடுத்துப் பாரிலிருந்து கண்ணாடிக்கு நீட்டிவைத்தேன். கழி ஹெல்மெட் மேல் டொக்கென்று உட்கார்ந்தது. ஒரு விரல்கூட நுழையவில்லை.

இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்து, இடது சீட்டுக் கட்டையின் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.