கைதட்டப் பழகிய சந்து

என் அக்காவைக் கட்டியவர் மெத்தை தைக்கிறவர். சந்துக்குள் கீழே கடை, மேலே வீடு. நாள் முழுக்கப் பஞ்சுக்குள் கிடப்பதால் புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். பார்க்கிறவர்கள் வயசைப் பத்து கூட்டித்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் நெருப்பைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கக் கிளம்பினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? 'நெருப்பு வாத்தியார்' என்று பட்டப்பெயர் வந்தது. வைத்தது நான்தான் என்று மச்சான் கடைசிவரை நம்பினார். வைத்தது அக்கா.

ஆரம்பம் சின்ன விஷயம். எவனோ அணைக்காமல் வீசிய சிகரெட் கடைவாசலில் இருந்த பஞ்சு மூட்டையில் விழுந்து புகைந்தது. நல்ல காலம், சந்து முனையிலேயே தீயணைப்பு நிலையம். வண்டியைக்கூட எடுக்காமல் இரண்டு பேர் ஓடிவந்து, மூட்டையைத் தெருவில் இழுத்துப்போட்டு, வாளித் தண்ணீரிலேயே அணைத்துவிட்டார்கள். மச்சான் மறுநாள் கடையைத் திறக்காமல் வீடு வீடாகப் போய், எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம் என்று கேட்டுவிட்டு வந்தார். எங்கள் சந்து லட்சணம் அப்படி. மரப்படி வைத்த பழைய வீடுகள். கீழே அட்டைப்பெட்டிக் கடை, பெயிண்ட் கடை, அச்சகம், இஸ்திரிக் கடை. ஒன்று பற்றினால் பக்கத்துக் கடை சும்மா வேடிக்கை பார்க்காது.

முதல் கூட்டம் அடிதடியில் முடிந்தது. படிக்கட்டில் சாமான் அடுக்கக் கூடாது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று அட்டைப்பெட்டிக்காரர் எழுந்து வந்தார். ஒருவருக்குச் சட்டைப்பை கிழிந்தது, எனக்கு ஒரு மைக் போனது. மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். மச்சானுக்கு மட்டும் ஓசி. வாய் திறந்து வாடகை கேட்டால் அக்கா ஒரு முறை முறைப்பாள், அதோடு சரி.

அதற்குப் பிறகுதான் மச்சான் ஒரு சட்டம் போட்டார். யார் பேசினாலும் குறுக்கே பேசக் கூடாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முடித்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும். தட்டிய பிறகுதான் மறுத்துப் பேசலாம்.

"இது என்ன கூத்து மச்சான்?" என்றேன்.

"ரெண்டு கையும் தட்டிட்டு இருந்தா அடிக்க வராதுல்ல மாப்ளே" என்றார்.

அடிதடி நின்றுபோனது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு கூட்டம், பள்ளிக்கூட ஹாலில். கேஸ் சிலிண்டரை எப்படி மூடுவது, ஒரே பிளக்கில் எத்தனை ஒயருக்கு மேல் செருகக் கூடாது, புகை வந்தால் ஏன் தவழ்ந்து போக வேண்டும் என்று மச்சான் தொண்டை வற்றப் பேசுவார். வந்தவர்களில் பாதிப் பேர் டீக்கு வந்தவர்கள். வாசலுக்கு வாசல் மணல் வாளி வைத்தார். ஒரு மாதத்தில் அவை எச்சில் வாளிகளாயின. அவர் தலை தெரிந்தால் படிக்கட்டுச் சாமான் உள்ளே போகும். தலை மறைந்தால் மறுபடி குடிவரும். வருஷங்கள் இப்படியே போயின. அவர் சொல்லிக் கொடுத்ததில் சந்து பிசகாமல் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, கைதட்டுவது. சின்னப் பிள்ளைகள்கூட வீட்டில் அப்பா திட்டி முடித்ததும் தட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் விழுந்துவிட்டன. மாடியிலேயே படுக்கை. கீழே கொண்டுவந்தால் பஞ்சுத்தூசியில் மூச்சு முட்டும். வேறு வீடு பார்க்காமல் இல்லை. பஞ்சு வியாபாரம் என்றாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். படியோ ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்க இடமில்லாத படி. மச்சான் நிலையத்துக்குப் போய் அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினார். பழகியவர்கள் இரண்டு பேர் இருந்தால் தூக்குப் படுக்கையில் இறக்கிவிடலாம், முனையிலிருந்து வரத்தானே போகிறோம் என்றார் அவர். அப்போதுதான் மச்சான் முகத்தில் உயிர் வந்தது. அதிலிருந்து வருஷா வருஷம் ஒத்திகை நடக்கும். அக்காவைக் கட்டித் தூக்கி இறக்குவார்கள், அவள் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வருவாள்.

"ஓசியில பல்லக்கு. கொடுத்து வச்சவ நான்" என்பாள் கீழே வந்ததும்.

அப்படி இருக்கும்போதுதான் நிலையத்தை மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த இடத்தில் கடைகள் கட்ட வேண்டுமாம். நிலையம் ஊருக்கு வெளியே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போகுமாம். அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள், எங்கள் ஹாலிலேயே. மச்சான் மெஷினை நிறுத்தினார். கையில் இருந்த மெத்தைகளையெல்லாம் தள்ளிப்போட்டார். ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். யார் எதைப் பேசுவது என்று பங்கு பிரித்துக் கொடுத்தார். நிலையம் போனால் தன் பெண்டாட்டியை இறக்க ஆளில்லை என்பதை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. சொந்தக் கதை பேசுகிறான் என்பார்களாம்.

அன்று ஹால் நிரம்பி வழிந்தது. என் வாழ்நாளில் அவர் கூட்டத்துக்கு அப்படி ஆள் வந்து பார்த்ததில்லை. நகராட்சி அதிகாரிதான் முதலில் பேசினார். நயமான பேச்சு. புது வண்டி, பெரிய இடம், நவீன வசதி என்று அடுக்கிவிட்டு நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

ஹால் மொத்தமும் தட்டியது. முன்வரிசையில் மச்சான், பின்னால் இஸ்திரிக்காரர், பெயிண்ட் கடைக்காரர், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் மனசாரத் தட்டினார்கள். என் கை ஆம்ப்ளிஃபயர் திருகில் இருந்தது, இல்லாவிட்டால் நானும் தட்டியிருப்பேன். அதிகாரி ஒரு நிமிஷம் மிரண்டே போனார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. கூட வந்த ஆள் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தான்.

அதன் பிறகு மச்சான் பேசினார். அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கேட் சாத்தியிருந்தால் வண்டி எப்படி வரும் என்று கேட்டார். மற்றவர்களும் சொல்லிக்கொடுத்தபடி பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கைதட்டல். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில்தான் எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

முடிவு வந்தபோது சந்துக்காரர்கள் ஆதரவோடுதான் நிலையம் மாறுகிறது என்றார்கள். மச்சானும் நானும் நகராட்சிக்கு ஓடினோம். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார். போனை எடுத்து, மச்சான் கைதட்டும் வீடியோவைக் காட்டினார்.

"இது நீங்கதானே ஐயா?"

"நான்தான். அது எங்க குழு வழக்கம் சார். யார் பேசினாலும் மரியாதைக்குத் தட்டுவோம். எதிர்ப்பை அப்புறம் சொன்னோமே."

"எனக்குப் புரியுது. வீடியோவுக்குப் புரியாதே. மத்த இடத்துல எல்லாம் கத்துறாங்க, நாற்காலியைத் தூக்கி அடிக்கிறாங்க. அதை எதிர்ப்புன்னு போட்டுக்கறோம். உங்க ஆளுங்க ரொம்ப டீசன்ட்டா இருந்துட்டீங்க."

எனக்கு அந்தப் போனைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாம் போல் இருந்தது. மச்சான் எழுத்தருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஏறாத படியில்லை, பார்க்காத ஆளில்லை. எல்லோரும் அதே வீடியோவைப் பார்த்திருந்தார்கள். நிலையம் காலியானது. ஒத்திகைக்கு வரும் இரண்டு பேரும் மாடிக்கு வந்து அக்காவிடம் சொல்லிக்கொண்டார்கள்.

"கேட் திறந்திருந்தா சீக்கிரம் வந்துடுவோம்க்கா."

"அப்போ கேட் திறந்திருக்கிற நேரமா பார்த்துப் பத்த வைக்கிறேன் தம்பி" என்றாள். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்து மச்சானை விட்டு வைக்குமா? கத்த வேண்டிய இடத்தில் தட்டச் சொல்லிக்கொடுத்துக் குடியைக் கெடுத்தவர் என்று பெயிண்ட் கடைக்காரர் அவர் காதுபடவே சொன்னார். மச்சான் மறுக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு கூட்டம் போடுகிறேன், அதோடு விட்டுவிடுகிறேன் என்றார். ஹால் கிடைக்கவில்லை. கடைவாசலிலேயே மைக் கட்டினேன். நின்றவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் வண்டி வர்ற வரைக்கும் சமாளிக்கிறதுக்கு" என்றார். "இனிமே வண்டியை நம்பாதீங்க. புகை தெரிஞ்சா ஓடுங்க. எதையும் எடுக்க நிக்காதீங்க. யாருக்காகவும் நிக்காதீங்க."

இஸ்திரிக்காரர் சம்சாரம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, அப்போ மாடியில அக்கா?"

மச்சான் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். கேட்டவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மாடிக்குப் போனோம். ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்ததால் அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு பாடம் எடுத்தீங்க" என்றாள். "அது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒண்ணு ஆச்சுன்னா திரும்பிப் பார்க்காம ஓடிடணும்."

"சரி."

"சரி கிரியெல்லாம் வேண்டாம். தம்பி முன்னாடி என் தலையில கை வச்சு சொல்லுங்க."

மச்சான் அவள் தலையில் கை வைத்தார். ஓடிவிடுகிறேன் என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, கீழே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மச்சானும் இறங்கி வந்து, பாதியில் விட்ட மெத்தை உறையை விரித்து, பஞ்சை அள்ளித் திணிக்க ஆரம்பித்தார்.

"நெசமாவே ஓடிடுவீங்களா மச்சான்?"

அவர் கை நிற்கவில்லை.

"பொய்ச் சத்தியம் பண்ணா நரகத்துல எண்ணெய்க் கொப்பரையில போடுவாங்கன்னு சொல்வாங்க மாப்ளே. போடட்டும். அவளை மேல விட்டுட்டு வெளிய நின்னு பார்க்கிறதைவிட அது ஒண்ணும் பெரிசா சுட்டுடாது."